முள்ளம்பன்றி எழுதாமல் விட்டது

இலந்தைக் காட்டு விலங்குகள் கோடைக்கான தீனியை ஒரே குகையில் சேர்த்து வைத்திருந்தன. எது யாருடையது என்று நினைவில் வைத்துக்கொள்வது பெரிய தோப்பு மைனாக்களின் வேலை. "மான் தன் நெல்லிக்காயை அணிலுக்குக் கொடுத்தது" என்று தோப்பைப் பார்த்துக் கூவினால் போதும். மரத்துக்கு மரம் எல்லா மைனாக்களும் அதைத் திருப்பிச் சொல்லி மனதில் பதித்துக்கொள்ளும். ஒரு மைனா மறந்தாலும் மற்றவை மறக்காது. பதிந்ததை அழிக்க யாராலும் முடியாது.

மேற்கே ஒரு சின்னத் தோப்பும் இருந்தது. அங்கே குஞ்சு மைனாக்கள்தான் குடியிருந்தன. அவற்றிடம் எதைச் சொன்னாலும் விளையாட்டுதான், கணக்கில் சேராது. பேசிப் பழக நல்ல இடம்.

இரண்டு தோப்புக்கும் நடுவில் இருந்த பாறைமேல் முள்ளம்பன்றி ஒரு மரக்கட்டையைக் குடைந்து வைத்தது. ஒரு முனையில் பேசினால், மறுமுனை எந்தத் தோப்பைப் பார்க்கிறதோ அங்கே குரல் போய்ச் சேரும். யாரும் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

தங்களுக்காகப் பேச விலங்குகள் கிளிகளை வைத்துக்கொண்டன. கிளிகள் சொன்னதைச் சொன்னபடி செய்யும். சொல்லாமல் விட்டதைத் தாமே நிரப்பிக்கொள்ளும், யாரிடமும் கேட்காது.

அவற்றுக்காக முள்ளம்பன்றி பாறையில் முள்ளால் கீறி எழுதியது: "வேண்டிய தோப்பின் பக்கம் கட்டையைத் திருப்பு. பேசு."

முயல் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணே?" என்று கேட்டது.

"வேறென்ன இருக்கு? பார்த்தாலே புரியுமே" என்றது முள்ளம்பன்றி.

முயலுக்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன. குகையில் கிழங்கு நிறைய இருந்ததால் கவலை இல்லை. பவழி என்ற கிளியைத் தன் பெயரில் பேச வைத்து, "முதல்ல சின்னத் தோப்புல பேசிப் பழகு" என்று அனுப்பியது.

பவழி கட்டையைச் சின்னத் தோப்புப் பக்கம் திருப்பியது. "முயல் ஒரு கிழங்கைக் காட்டுப்பன்றிக்குக் கொடுத்தது" என்றது. குஞ்சு மைனாக்கள் கீச்கீச்சென்று திருப்பிச் சொல்லின. பவழிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "முயல் எல்லாக் கிழங்கையும் காட்டுப்பன்றிக்குக் கொடுத்தது" என்று அடுத்ததைச் சொன்னது.

பாறை கிழக்கே சரிவானது. ஒருமுறை பேசி முடித்ததும் கட்டை தானாகவே மெல்லப் பெரிய தோப்புப் பக்கம் திரும்பிவிடும். பவழி அதைக் கவனிக்கவில்லை. பெரிய தோப்பு முழுவதும் அதன் சொல்லைத் திருப்பிச் சொன்னது.

சேற்றில் படுத்திருந்த காட்டுப்பன்றி அதைக் கேட்டது. நேராகக் குகைக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தது.

முயல் ஓடி வந்தபோது பாதிக் கிழங்கு போயிருந்தது. "இது என்னோடதுங்க" என்று அழுதது.

"மைனாக்கள் என் பேரைத்தானே சொல்லுச்சு? கிடைச்சதை வேணாம்னா சொல்வாங்க?" என்று மென்றுகொண்டே கேட்டது காட்டுப்பன்றி. முயலின் முகத்தைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தியது. "சரி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்ததா என் கிளியைச் சொல்லச் சொல்றேன். வயித்துக்குள்ள போனதை என்ன செய்ய?"

முயல் பவழியை முள்ளம்பன்றியிடம் இழுத்துக்கொண்டு போனது.

"எழுதியிருந்தபடிதான் செஞ்சேன்" என்றது பவழி. "திருப்புன்னு இருந்தது, திருப்பினேன். அப்படியே நிக்கும்னு நினைச்சேன்."

"அது திரும்பி வந்துடும்னு எல்லாருக்கும் தெரியுமே" என்று சொல்ல வாயெடுத்தது முள்ளம்பன்றி. எல்லாருக்கும் எப்படித் தெரியும்? கட்டையைக் குடைந்த தனக்கு மட்டும்தானே அது தெரியும். அதற்கு வெட்கமாகிவிட்டது.

உடனே கட்டையைப் பெரிய தோப்புப் பக்கம் வைத்து, "முள்ளம்பன்றி தன் கிழங்கில் பாதியை முயலுக்குக் கொடுத்தது" என்றது. பிறகு பாறையில் முன்பு எழுதியதைத் தேய்த்து அழித்தது.

புதிதாக எழுதி முடித்ததும், கட்டையைப் பார்த்தே இராத ஒரு கிளியை அழைத்தது. "சின்னத் தோப்புல பேசிப் பழகணும். இதைப் படிச்சுட்டு அதன்படி செய். நான் பேச மாட்டேன்" என்றது.

கிளி தடுமாறிய இடத்தில் எல்லாம் முள்ளம்பன்றிக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு இன்னொரு வரி கீறியது. 'ஒவ்வொரு முறையும் பேசுமுன் கட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்' என்று ஒரு வரி. 'எந்தத் தோப்பு என்று யாரும் சொல்லாவிட்டால் பேசாதே, போய்க் கேள்' என்று இன்னொன்று. முதுகு முட்கள் பல மழுங்கிப் போயின. கடைசியில் அந்தக் கிளி யாரையும் கேட்காமல், சின்னத் தோப்பில் மட்டும் பேசிப் பழகிவிட்டுப் பறந்தது.

தனக்குத் தெரிந்தது மற்றவர்க்கும் தெரியும் என்று எண்ணிப் பாதி வழியை மட்டும் காட்டுகிறவர், தம்மை நம்பி நடப்பவரைப் பள்ளத்தில் இறக்கிவிடுகிறார்.