பார்க்கத் துடித்த ஸ்கேன்

ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தன. எக்ஸ்ரே பழசு. படுக்கையை நகர்த்தினால் கிறீச்சிடும். ஸ்கேன் புதுசு. தனி ஏ.சி., வாசலில் படம் எடுக்கும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்கு, நடுவில் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய வளையம்.

"நீ எடுப்பது படமா, நிழலா?" என்று ஸ்கேன் வம்பிழுக்கும். "உடம்பு ஒரு ரொட்டி என்றால், நீ அதை வெளியிலிருந்து பார்க்கிறாய். நான் துண்டு துண்டாகப் பார்க்கிறேன்."

"பார், யார் வேண்டாம் என்றது? ஆனால் நீ ஒருமுறை பார்க்கச் செலவாகும் கதிர்வீச்சில் நான் பலமுறை பார்த்துவிடுவேன்" என்று எக்ஸ்ரே பதில் சொல்லும்.

ஒருநாள் எட்டு வயது நஃபீலா வந்தாள். பிறவியிலேயே அவளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மற்றவர்களுக்கு நீர்த்து வெளியேறும் சளி, அவள் நெஞ்சில் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

"நன்றாகத்தான் ஊதினாள்" என்றது மூச்சைச் சோதிக்கும் கருவி.

"போன படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை" என்றது எக்ஸ்ரே.

அவள் வலது நுரையீரலின் மேல்மூலையில், ஒரு சின்ன மூச்சுக்குழாயை அடைத்து உட்கார்ந்திருந்த சளி இதைக் கேட்டுச் சிரித்தது. "விலா எலும்பு மறைப்பது எவ்வளவு வசதி. கொஞ்ச நாளில் கிருமிகளையும் குடிவைத்து இந்தக் குழாயைத் தளர்த்திவிடுவேன். தளர்ந்தால் பிறகு பழையபடி ஆகாது."

"என்னால் பேச முடியாது" என்றது நுரையீரல். "ஆனால் இரும முடியும்." தன்னால் ஆனமட்டும் ஒரு தள்ளு தள்ளியது.

அந்த இருமலைக் கேட்ட நஃபீலாவின் உம்மா ரஹ்மத், டாக்டர் இசபெல்லாவிடம் திரும்பினாள். "இப்ப கேட்டீங்களா டாக்டரம்மா? முன்னெல்லாம் வறட்டு இருமல். இப்ப குழம்பு கொதிக்கிற மாதிரி உள்ளேருந்து சத்தம் வருது."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "சி.டி. எடுத்தா தெரிஞ்சிடும். ஆனா இவ வளர வளர எத்தனையோ படம் எடுக்க வேண்டியிருக்கும். அதனால தேவையில்லாம கதிர்வீச்சு குடுக்கக் கூடாதுன்னு பார்க்கிறேன். நீங்க சொல்றதக் கேட்டா இப்ப தேவைதான். குறைஞ்ச அளவுல எடுப்போம்."

நஃபீலா வளையத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். ஸ்கேன் துண்டு துண்டாகத் தேடியது. "அகப்பட்டுக்கொண்டாய்!"

சளிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மருந்து வந்தது. உப்புநீர் ஆவி வந்து அதன் பிடியைத் தளர்த்தியது. உம்மா காலையும் மாலையும் மகளின் முதுகைத் தட்டினாள். நுரையீரல் தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு காலை, சளி வாஷ்பேசினில் போய் விழுந்தது. மூச்சுக்குழாய் தப்பித்தது.

அதன்பிறகு ஸ்கேனைப் பிடிக்க முடியவில்லை. "இனி அவள் வரும்போதெல்லாம் நான்தான் பார்ப்பேன்."

சில மாதங்கள் கழித்து நஃபீலா வந்தாள். ஸ்கேன் தயாராகக் காத்திருந்தது. அவளோ மூச்சை ஊதிவிட்டு, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, ஸ்கேன் அறையைத் தாண்டி நடந்தாள்.

"உம்மா, அந்தப் பெரிய வளையத்துக்குள்ள போக வேணாமா?"

"இந்தத் தடவை வேணாமாம். நல்லா இருக்கியாம்."

ஸ்கேனுக்கு முகம் தொங்கிவிட்டது. "என்னை மறந்துவிட்டார்களா? நான்தானே கண்டுபிடித்தேன்?"

"நீதான்" என்றது எக்ஸ்ரே. "என் கண்ணுக்கு அது படவே இல்லை. ஆனால் யோசித்துப் பார். அந்தப் பிள்ளை உன்னிடம் என்னத்துக்காக வருவாள்?"

ஸ்கேனுக்கு அன்று அவள் நெஞ்சில் பார்த்த சளி நினைவுக்கு வந்தது.

அடுத்த தடவை வராந்தாவில் நஃபீலாவின் குரல் கேட்டபோது, தன் வாசல் விளக்கு எரியக் கூடாதே என்று அது வேண்டிக்கொண்டது.