பட்டியில் அடைபட்ட நீதிபதியின் குதிரை

அயர்லாந்து சுதந்திரமடைந்த புதிதில், ஊராரின் முட்டைக்கோஸ் தோட்டத்தை மேய்ந்த குதிரை ஒன்றை, பயிர் மேயும் கால்நடைகளைப் பிடித்து அடைக்கும் பட்டிக்காரி நூலா பட்டியில் அடைத்துப் பூட்டினாள். அது பழைய ஆங்கிலேய நீதிபதி பெல்ஹாமின் குதிரை. மனுஷர் மூக்கு சிவக்க வந்து நின்றார்.

"திற! யார் கொடுத்த அதிகாரம் உனக்கு?"

"1919-ல டப்ளின்ல சபை கூடி, நாம சுதந்திர நாடுன்னு அறிவிச்சாங்களே, அவங்க போட்ட வேலைங்க ஐயா."

"அது சட்டப்படி செல்லாது! பிற்பாடு லண்டன் பார்லிமென்ட் சட்டம் போட்டுக் கொடுத்ததுதான் உங்கள் சுதந்திரம். நீ பட்டிக்காரியே இல்லை!"

"நல்லதாப் போச்சு," என்று நூலா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினாள். "அதிகாரம் இல்லாதவ அடுத்தவர் குதிரையை அவிழ்த்தா திருட்டாச்சே. நீங்களே உள்ளே தள்ளிடுவீங்க."

மழை பிடித்துக்கொண்டது. நீதிபதி குதிரையில் துறைமுகம் போய்ப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்துக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. சேற்றில் அவள் பின்னாலேயே ஓடினார்.

"சரி, நீ பட்டிக்காரிதான்! திறந்து தொலை!"

"எழுத்துல கொடுங்க."

"1919 சபை சட்டப்படி நியமித்த பட்டிக்காரி அவர்களுக்கு" என்று தொடங்கி மனு எழுதிக் கையெழுத்தும் போட்டார். நூலா பூட்டைத் திறந்ததும் குதிரை பாய்ந்து வெளியே வந்தது.

நாட்டின் சுதந்திரத்துக்குச் சட்ட ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டால், அந்த ஊரார் பட்டிச் சுவரில் மாட்டிய மனுவைத்தான் காட்டுவார்கள். நீதிபதியின் கையெழுத்துக்குக் கீழே, சாட்சி போட வேண்டிய இடத்தில், சேற்றுக் குளம்புத் தடம் ஒன்று அழுத்தமாகப் பதிந்திருக்கும்.