எழுபது சீட்டு

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் மெர்லினுக்கு முப்பத்தாறு. அவர் மெர்லினை மேடம் என்பார். மெர்லின் அவரை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

ஊர்ப்புற நூலகராக இருபது வருடம் ஓட்டியவருக்கு முனைவர் பட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. தென்மாவட்ட இளைஞர்களின் அரசியல் மனநிலை என்று தலைப்பும் கிடைத்தது. முதலில் சொந்த ஊரான மேலப்பூவங்குளத்திலேயே விசாரித்தார். மறுநாள் காலை பஸ் பிடித்து மெர்லினின் அறைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எழுபது பேர்கிட்ட கேட்டேன் மேடம். எல்லாம் இருபத்தஞ்சு வயசுக்குள்ள. காலனியில இருந்து ஒருத்தர் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்னா ஓட்டுப் போடுவீங்களான்னு கேட்டா, அறுபத்திரண்டு பேர் மாட்டோம்னு சொல்லுதாங்க. எல்லாம் படிச்ச பிள்ளைங்க. எனக்கு நெஞ்ச அடைக்கி."

கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. வரப்போகிற பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கான பொது இடம். காலனியிலிருந்து, நர்சிங் முடித்த ஜெபராணி மனு போட்டிருந்தாள். எதிரே நின்றது கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி. வேறு யாரும் இல்லை.

"எங்க வெச்சுக் கேட்டீங்க?" என்றார் மெர்லின்.

"அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடக்குல்லா. கமிட்டிப் பந்தல்ல மொத்தப் பேரும் ஒரே இடத்துல சிக்குனாங்க. வீடு வீடா அலைய வேண்டாம்னு வரிசையா நிறுத்திக் கேட்டுட்டேன்."

"என்ன உடுத்தியிருந்தாங்க?"

"கொடைக்குன்னு அடிச்ச மஞ்சப் பனியன். முதுகுல எங்க சாதிப் பேரு."

"பக்கத்துல யாரு?"

"கமிட்டித் தலைவர் நின்னாரு. பொண்ணுங்களுக்குப் பின்னால அவங்க அண்ணன்மாரு."

மெர்லின் எழுந்து போய், வராந்தாச் சுவரில் தொங்கிய புகார்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வருடக்கணக்காக ஒரு புகாரும் விழாத பெட்டி. தூசியைத் தட்டி, பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதே எழுபது பேர், அதே கேள்வி. உங்க நூலகத்துக்கு ஒவ்வொருத்தரா வரட்டும். பேர் எழுத வேண்டாம். சீட்டை மடிச்சு இதுல போடட்டும்."

"ஒரு வாரத்துல மனசு மாறிருமா மேடம்?"

"மாறாது. சீட்டை வாங்கிட்டு வாங்க."

வீண் வேலை என்றுதான் ஆவுடையப்பனுக்குப் பட்டது. ஆனாலும் பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். காலையில் ஜெபராணி நூலகத்துக்கு வந்தாள். சின்ன வயதில் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்தான். இன்றைக்கு உட்காரவில்லை. மேசை மேல் பெட்டி இருந்தது. எழுபதாவது சீட்டு அதற்குச் சற்று முன்புதான் விழுந்திருந்தது.

"சார், வீட்ல அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. தோத்தாக்கூடப் பரவாயில்ல. ஊர்ப் பக்கம் ஒரு ஓட்டுகூட விழலன்னா நாளைக்கு எப்படித் தெருவுல நடக்க? நீங்க எல்லார்கிட்டயும் கேட்டீங்களாமே. என்ன சொன்னாங்க?"

ஆவுடையப்பன் பெட்டியைப் பார்த்தார். சாவி அவரிடம் இல்லை. பந்தலில் எடுத்த எண்ணிக்கை இருந்தது.

"அறுபத்திரண்டு பேர் மாட்டேன்னுட்டாங்க, ஜெபா. பொய் சொல்லி உன்ன இறக்கிவிட எனக்கு மனசு வரல."

அவள் தலையை ஆட்டினாள். "உண்மையைச் சொன்னீங்களே சார், அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியம் இரண்டு மணிக்கு மனுவைத் திரும்பப் பெற்றாள். சாயங்காலமே கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தது. தலைவர் பதவிக்கு ஓட்டே கிடையாது என்று ஆகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மெர்லின் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டினார். ஆவுடையப்பன் பிரித்துப் பிரித்து இரண்டாக அடுக்கினார். பத்துச் சீட்டு போனதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இருபது போனதும் அடுக்கிய சீட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்தார்.

நாற்பத்துமூன்று சீட்டில் 'போடுவேன்' என்று இருந்தது.

அவர் நம்பவில்லை. திரும்ப எண்ணினார். அதே நாற்பத்துமூன்று.

சிலர் கேட்ட கேள்விக்கு மேலேயும் எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில், 'ஜெபா அக்காவுக்குத்தான். கமிட்டிக்குத் தெரிய வேண்டாம்.' இன்னொன்றில், 'அண்ணனுக்குத் தெரிந்தால் காலேஜை நிறுத்திவிடுவான்.' மூன்றாவதைப் படித்ததும் ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். 'பந்தலில் நான்தான் முதலில் மாட்டேன் என்று கத்தினேன். மன்னிக்கவும்.'

"அவ வாபஸ் வாங்கிட்டா மேடம்."

மெர்லினின் கை சீட்டுகளின் மேல் அப்படியே நின்றது. "எப்ப?"

"முந்தாநாள். கேக்க வந்தா. பந்தல்ல எண்ணுன கணக்கை நான்தான் சொன்னேன்."

"பெட்டி?"

"முன்னாலதான் இருந்துச்சு. இதுவும் அதையேதான் சொல்லப் போகுதுன்னு நெனச்சேன்."

வெளியே மாணவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை. சட்டென்று கோபம் வந்தது.

"என்ன பிள்ளைங்க மேடம் இவங்க! வாயில ஒண்ணு, மனசுல ஒண்ணு. நாப்பத்துமூணு பேரு! அதுல ஒருத்தனாவது அவகிட்டப் போயி, 'அக்கா, நான் உங்களுக்குத்தான் போடுவேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ நின்னுருப்பாளே. ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

மெர்லின் சீட்டுகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டார்.

"உங்களுக்கும் அந்த ஊர்லதான ஓட்டு?"

"ஆமா."

"யாருக்குப் போடுறதா இருந்தீங்க?"

"இதென்ன கேள்வி? ஜெபராணிக்குத்தான். அவ மனு போட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அவ உங்க முன்னால வந்து நின்னப்போ, அதைச் சொன்னீங்களா அண்ணாச்சி?"