சுண்டெலி வெட்டிய போர்வை

அந்தக் காலத்தில் எலிக்கும் மனிதனுக்கும் பகை கிடையாது. காகம் சேதி சொல்லும், மாடு வழி கேட்கும், வேலியில் கிடக்கும் ஓணான்கூடப் போவோர் வருவோரை நலம் விசாரிக்கும். பேச்சுக்குப் பஞ்சமில்லாத காலம்தான். ஆனால் கத்தரிக்கோல் என்ற ஒன்றை மட்டும் யாரும் கண்டதில்லை. துணியை வெட்ட வேண்டுமென்றால் அரிவாள்தான்.

மலைமேல் ஓர் ஊரில் மாதையன் என்று ஒருவன் இருந்தான். நல்ல உழைப்பாளி. உழவென்றால் உழவு, வேலி கட்டென்றால் வேலி. அவனிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். எந்த வேலையைச் சொன்னாலும், "அது ஒரு வேலையா?" என்பான். சொல்லிவிட்டு அதை நாளைக்குத் தள்ளிவிடுவான்.

அவன் மனைவி பொம்மி தலைப்பிரசவத்துக்காக அடிவாரத்திலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். மலையில் அடிக்கும் பனி மாட்டையே நடுங்க வைத்துவிடும். ஆகையால் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பச்சைக்குழந்தை மலையேற வேண்டுமானால் தகப்பன் வீட்டிலிருந்து ஓர் ஒட்டுப்போர்வை வந்தாக வேண்டும். பழைய பருத்திச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, நடுவில் பழைய வேட்டியை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து நூலோட்டிய போர்வை. அது வராவிட்டால் தாயும் பிள்ளையும் சித்திரை வெயில் வரும்வரை கீழேயே இருக்க வேண்டியதுதான். வழக்கமாக இதை மாமியாரோ நாத்தனாரோ தைப்பார்கள். மாதையனுக்குத் தாயும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவனேதான் தைக்க வேண்டும்.

"மாமா, பழைய சேலையெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கே வெட்ட ஆரம்பிச்சிடுங்க" என்றாள் பொம்மி.

"துணியை வெட்டி ஒட்டுறது ஒரு வேலையா புள்ள? நீ அடிவாரம் போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

"கிழிச்சீங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. கேழ்வரகு அறுவடை வந்தது, காட்டுக்குக் காவல் போனான், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டான். சேலைகள் மடித்தது மடித்தபடியே கிடந்தன. அவள் நினைப்பு மட்டும் அவனை விடவில்லை. ஒரு நாள் உப்புப் போடாமல் களி கிண்டி, அது தெரியாமலேயே தின்று முடித்துவிட்டு வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடு அத்தனை வெறிச்சென்று இருந்தது.

ஒரு காலையில் கூரைமேல் காகம் வந்து உட்கார்ந்தது. "மாதையா! உன் பொண்டாட்டிக்கு மாசம் நெருங்கிடுச்சு. போர்வை எந்த மட்டுல இருக்குன்னு உன் மாமனார் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"தச்சுக்கிட்டே இருக்கேன்னு சொல்லு" என்றான் மாதையன். அதுவரை அவன் ஊசியைக் கையால் தொட்டது கிடையாது.

காகம் பறந்ததுதான் தாமதம், சேலைகளை வாரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு முனையைக் கால் விரலில் இடுக்கிக்கொண்டு அரிவாளை இழுத்தான். முதல் துண்டு முக்கோணமாக வந்தது. அடுத்தது, பங்காளிகள் பிரித்த நிலம் மாதிரி ஒரு பக்கம் உள்ளே போய் ஒரு பக்கம் வெளியே வந்தது. பொழுது உச்சிக்கு வந்தபோது அவனிடம் சேர்ந்திருந்தது ஒரு கைப்பிடித் துண்டுகள். ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

தானியக் குதிருக்குப் பின்னாலிருந்து 'கிக்கிக்கி' என்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டிலேயே குடியிருந்த சுண்டெலி.

"தம்பி, இப்படி ஒண்ணொண்ணா வெட்டினா உன் பிள்ளை மீசை முளைச்ச அப்புறந்தான் போர்த்தும்."

"வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதே எலியக்கா. போர்வை இல்லேன்னா அவ சித்திரைக்குத்தான் வருவா."

"அவளை அவ்வளவு தேடுதா உனக்கு?"

மாதையன் அரிவாளைக் கீழே வைத்தான். "தேடுது அக்கா" என்றான். வீறாப்புப் பேசுகிறவன் குரல் இப்படி இறங்கி அந்த எலி கேட்டதில்லை. அதற்கு மனசு கேட்கவில்லை.

"சரி, அந்த அரிவாளைக் கூரை எரவாணத்துல செருகு. சேலையை மடி" என்றது.

"மடிச்சா எப்படி வெட்டுறது?"

"சொன்னதைச் செய். நீளவாக்குல மடி. இன்னொரு தரம். இப்போ குறுக்கால மடி. மடிச்சுக்கிட்டே வா, நான் சொல்ற வரைக்கும்."

சேலை ஒரு தலையணை கனத்துக்கு வந்தது. "இப்போ மடிப்போட நாலு ஓரத்துலயும் கரியால கோடு போடு" என்றது எலி. அவன் போட்டான். எலி அந்தக் கோட்டின்மேல் வாயை வைத்தபடி ஓடியது. கர்ர் கர்ர் என்று சத்தம். ஒரு சுற்று வந்து நிமிர்ந்தது. மாதையன் மேல் துண்டை எடுத்தான். அழகான சதுரம். அடியில் அதே அளவில் இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று. வட்டிலில் தோசை அடுக்கின மாதிரி ஒரு சேலை முழுவதும் துண்டாகி உட்கார்ந்திருந்தது.

"அடி என் அக்கா! அரை நாள் வேலையை வெத்தலை போடுற நேரத்துல முடிச்சிட்டியே! என்ன கூலி வேணும், சொல்லு."

"ஓரத்துல விழுற பிசிறெல்லாம் எனக்கு. நானும் மாசமாத்தான் இருக்கேன். குஞ்சுகளுக்கு மெத்தை வேணும்ல? இன்னொண்ணு தம்பி, எனக்குக் கணக்குத் தெரியாது. எத்தனை துண்டு ஆச்சுன்னு என்னைக் கேட்காதே. நீ 'போதும்'னு சொல்ற வரைக்கும் மடிச்ச துணி எதைப் பார்த்தாலும் வெட்டுவேன். எங்க வம்சத்துல எடுத்த வேலையைப் பாதியில விட்டவங்க கிடையாது."

"அதுக்கென்ன? ஒரு வார்த்தை சொல்றது ஒரு வேலையா?" என்றான் மாதையன்.

எலி வெட்டியது, அவன் தைத்தான். விரலில் ஊசி ஏறாத இடமில்லை. "தம்பி, மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பேஞ்ச மாதிரி போகுது உன் தையல்" என்று எலி கேலி செய்தது. "நேராத்தான் தைக்கிறேன், துணிதான் வளையுது" என்று அவன் பதில் சொன்னான். துண்டு தீர்ந்தபோதெல்லாம் இன்னொரு சேலையை மடித்துப் போட்டான். கடைசியில் நடுவில் வைக்க ஒரு வேட்டி வேண்டுமென்று பெட்டியைத் திறந்து எடுத்தான். அந்தப் பெட்டிக்குள்தான் பொம்மியின் கூறைச்சேலை இருந்தது. அவன் தாலி கட்டியபோது அவள் உடுத்தியிருந்த சிவப்புச் சேலை.

ஒருவழியாகக் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தான். எலி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கூரைமேல் காகத்தின் கூச்சல்.

"மாதையா! பொண்ணு பொறந்திருக்கு! தாயும் பிள்ளையும் சுகம்!"

அவ்வளவுதான். போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டான், பாய்ந்தான். பெட்டியை மூடவில்லை, கதவைக்கூடச் சாத்தவில்லை. "தம்பி! போதுமா?" என்று எலி பின்னாலேயே வாசல்வரை ஓடி வந்து கேட்டது. அவன் அதற்குள் மலைப்பாதையின் திருப்பத்தைத் தாண்டிவிட்டான்.

அடிவாரத்தில் மாமனார் போர்வையை விரித்துப் பார்த்தார். "மாப்பிள்ளே, இது தையலா, வண்டித்தடமா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. பொம்மி மட்டும் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். அங்கங்கே ஊசி குத்திய ரத்தப்பொட்டு காய்ந்திருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் மாமன் கைதான்" என்று சொல்லிப் பிள்ளையை அதில் சுற்றினாள். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப் போனது. துண்டுகள் மட்டும் எப்படி இத்தனை அச்சாக இருக்கின்றன என்று பெண்கள் கேட்டபோது, மடித்து வெட்டும் வித்தையை மாதையன் செய்துகாட்டினான். "இது நமக்குத் தோணாம போச்சே!" என்று அவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். கெட்டிக்காரப் பேரெல்லாம் தனக்கே வந்ததில் அவனுக்கு எலியின் நினைப்பே வரவில்லை.

தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைப் போர்வையில் பொதிந்துகொண்டு மூவரும் மலையேறினார்கள். பனி கொட்டியது. பிள்ளை தும்மக்கூட இல்லை. மாதையனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், மடித்து வைத்த துப்பட்டி சதுரம் சதுரமாக அடுக்கியிருந்தது. தோள்துண்டும் அப்படியே, அவன் மாற்று வேட்டியும் அப்படியே. பொம்மி ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டாள். கூறைச்சேலையை உதறி விரித்தாள். மடிப்புக்கு மடிப்பு, ஒரே அளவில், ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டிக்கு அடியிலிருந்து சுண்டெலி தள்ளாடிக்கொண்டு வந்தது. ஓடாய்த் தேய்ந்திருந்தது, முகத்தில் மட்டும் அத்தனை சந்தோஷம்.

"வந்துட்டியா தம்பி! நீ நிறுத்தச் சொல்லலை, நானும் நிறுத்தலை. இந்தச் சிவப்புச் சேலை ரொம்பக் கெட்டி, பல்லு கூசுது. இருந்தாலும்..."

மாதையன் மீதியைக் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தான், அடுப்போரம் கிடந்த களித்துடுப்பை எடுத்தான், வீசினான். துடுப்பு எலிக்கு ஒரு முடி தூரத்தில் விழுந்து பானையை உடைத்தது. எலி ஒரு கணம் நின்று அவனையே பார்த்தது. அப்புறம் பிசிறு மெத்தையில் கிடந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விச் சுவர்ப்பொந்து வழியாக வெளியே கொண்டுபோயிற்று.

"ஏன் மாமா அடிச்சீங்க?" என்றாள் பொம்மி. "நிறுத்தச் சொல்லலைன்னு அது ஏதோ சொல்லுச்சே?"

மாதையன் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். பிசிறுக் கூலியையும் சொன்னான், எலி கேட்ட அந்த ஒரு வார்த்தையையும் சொன்னான்.

"அப்போ, போதும்னு நீங்க சொல்லவே இல்லையா?"

"மறந்துட்டேன் புள்ள."

"ஒரு வார்த்தை மாமா. அது ஒரு வேலையா?"

அவனுக்குச் சுருக்கென்றது. வெளியே ஓடினான். வேலியோரம் கடைசிக் குஞ்சைக் கவ்விக்கொண்டு எலி போய்க்கொண்டிருந்தது. "அக்கா! போதும் அக்கா! போதும்!" என்று கத்தினான். ஆனால் அந்தக் குரல் கேட்டதுமே எலிக்குத் துடுப்புதான் ஞாபகம் வந்தது. என்ன சொல்கிறான் என்று நின்று கேட்கவில்லை. அவன் கத்தக் கத்த அது இன்னும் வேகமாக ஓடிப் புதருக்குள் மறைந்தது. அவன் இருட்டும் வரை அங்கேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பொம்மி கூறைச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டினவன் கல்லாட்டம் இருக்கான், சேலை போனா போகுது" என்றாள். எலி வெட்டிப் போட்ட சிவப்புச் சதுரங்களையெல்லாம் பொறுக்கி மகளுக்கு இன்னொரு போர்வை தைத்தாள். பிசிறைக் கூட்டித் தள்ளாமல் வேலியோரம் கொண்டுபோய் வைத்தாள். காலையில் பார்த்தபோது அது அங்கே இல்லை. ஆனால் எலி கண்முன் வரவில்லை, பேசவும் இல்லை.

அன்று முதல்தான் எலி மடித்து வைத்த துணியாகத் தேடிப்பிடித்துக் கடிக்கிறது. விரித்துப் பாருங்கள், மடிப்புக்கு மடிப்பு ஒரே இடத்தில் ஒரே அளவு ஓட்டை இருக்கும். பசிக்கு அது துணியைத் தின்பதில்லை. எடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பாவம், இனி போதும் என்று சொல்லிவிடலாம் என்று நாம் வாயைத் திறந்தால், முதல் எழுத்து வெளியே வருவதற்குள் ஓடிவிடுகிறது.