கீரி செய்துகொண்ட மூன்று மாயப் பொருள்கள்

கள்ளிக்காட்டுக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு சாண் தண்ணீர் இறங்கியது. மீதி இருந்தது ஆறு சாண்.

அந்தக் குளக்கரையில் ஒரு கீரியும் ஓர் ஆமையும் இருந்தன. இரண்டும் மலைச்சுனைக்குப் போய்விட முடிவு செய்தன. ஆமை நடைக்கு அது நான்கு நாள் பயணம். வழியில் புல்லும் இல்லை, பூச்சியும் இல்லை. கடைசியில் ஒரு பாறை இடுக்கு உண்டு. அதில் ஒரு நல்லபாம்பு குடியிருந்தது. அதைத் தாண்டாமல் சுனைக்குப் போக முடியாது.

“கீரி கூட வரும்போது பாம்புக்கு என்ன பயம்?” என்று ஆமை நினைத்தது.

ஆனால் பாம்பு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து கீரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது பிறந்ததிலிருந்து ஒரு பாம்பைக்கூட நேரில் பார்த்ததில்லை.

கரையில் ஒரு பாலை மரம் நின்றது. பயணம் போகிறவர்கள் அதிலிருந்து ஆளுக்குப் பத்துப் பழம் எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றாவது பழத்தை யாரும் தொடக் கூடாது. இது காட்டு வழக்கம். ஒரு பழம் தின்றால் அரை நாள் நடக்கலாம்.

மரத்தடி வளையில் ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. கிழங்கு தின்று வாழ்வதால் அதற்குக் குளத்துத் தண்ணீர் தேவைப்படவில்லை. பாலைப் பழத்தின் பாலில் ஊறவைத்து மாயப் பொருள்கள் செய்வது அதன் தொழில்.

“நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்றது முள்ளம்பன்றி. “ஒரு மாயப் பொருள் செய்ய இரண்டு பழம். அது தூங்கிக்கொண்டே இருக்கும். எழுப்பும்போதெல்லாம் அதற்கு ஒரு பழம் ஊட்ட வேண்டும். வேண்டாம் என்று பிரிக்கச் சொன்னால் ஒரு பழம்தான் திரும்பும்.”

ஆமை சற்று யோசித்தது. “அண்ணே, தூங்காத பொருள் ஏதாவது உண்டா? சின்னதாக இருந்தாலும் போதும்.”

“உண்டு. குளிர்ச்சி தரும் இலை. ஓட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். வெயில் சுடாது, அவ்வளவுதான். ஒரு பழம்.”

“அது போதும். நடக்க எட்டு, இலைக்கு ஒன்று, கையில் ஒன்று.”

“கையில் ஒன்று எதற்கு?” என்று கேட்டது கீரி.

“தெரியாது. அதற்காகத்தான்” என்றது ஆமை.

முள்ளம்பன்றி பேசியபோது கீரி பாதிதான் கேட்டிருந்தது. மீதி நேரம் பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தது.

“மாமா! எனக்கு மரப்பட்டைக் கவசம் வேண்டும்!”

முள்ளம்பன்றி செய்து கொடுத்தது. கீரி போட்டுப் பார்த்தது. “இது கனக்கிறதே! பிரியுங்கள்! முள் ஈட்டி செய்யுங்கள்!”

ஈட்டியும் வந்தது. “ஐயோ, இதைப் பிடிக்க இரண்டு கை வேண்டுமே! நான் எப்படி நடப்பேன்? பிரியுங்கள்!”

இதற்குள் ஒரு நாள் போயிற்று. ஒரு சாண் தண்ணீரும் போயிற்று.

மறுநாள் விடியும் முன்பே கீரி வளை வாசலில் நின்றது. “மாமா, கேட்டீர்களா? பாம்பின் கண்ணுக்குத் தெரியாமல் போக ஒரு பனையோலைக் குல்லாய். அதைத் தாண்டிக் குதிக்கக் கோரைப்புல் தண்டை. புலி போல உறும நத்தை ஓட்டு ஊதல். மூன்றும் வேண்டும்!”

“தம்பி, உன் பழத்தை எண்ணினாயா?” என்றது ஆமை.

“எண்ணிக்கொண்டிருந்தால் எப்போது கிளம்புவது அக்கா?”

ஆமை எண்ணியது. கவசத்தில் ஒன்று வீண், ஈட்டியில் ஒன்று வீண். மூன்று பொருளுக்கு ஆறு. மீதி இரண்டே பழம்.

“நான்கு நாளுக்கு இரண்டு பழமா?”

“தண்டை இருக்கிறது அக்கா! நான்கு நாள் வழியை நாலே தாவலில் தாண்டிவிடுவேன்! நீ வந்து சேரும்போது நான் குளித்து முடித்திருப்பேன்!”

மூன்றாம் நாள் காலையில் இரண்டும் கிளம்பின. ஐம்பது அடிகூடப் போகவில்லை. கீரிக்குப் பொறுக்கவில்லை. தண்டைக்கு ஒரு பழம் ஊட்டித் தாவியது. மூன்று பனை உயரம் போயிற்று! காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கும் பின்னால் ஒரு கள்ளிப் புதரில் விழுந்தது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் ஆமை வெகுதூரம் முந்திவிட்டது.

“குளித்தாகிவிட்டதா தம்பி?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டது ஆமை.

அன்று மாலை கீரி தன் கடைசிப் பழத்தைத் தின்றது. பயணத்தின் இரண்டாம் நாள் முழுக்கப் பட்டினி. மூன்றாம் நாள் நண்பகலில் கால் மடங்கி விழுந்தது. ஆமை, நடைக்கு எண்ணி வைத்தது போகக் கையில் வைத்திருந்த அந்த ஒற்றைப் பழத்தை உருட்டிவிட்டது. “தின்னு!”

கீரி அதை வாயருகே கொண்டுபோனது. அப்போது புதரில் ஏதோ சரசரத்தது.

“பாம்பு! பாம்பு!” என்று அலறிய கீரி, பழத்தை ஊதலுக்கு ஊட்டி ஊதிவிட்டது. காடே அதிரும்படி ஒரு புலி உறுமல்! புதரிலிருந்து ஒரு காய்ந்த தேக்கிலை உருண்டு வந்தது.

“நன்றாக மிரட்டினாய். இனி எந்தச் சருகும் இந்தப் பக்கம் வராது” என்றது ஆமை. கீரி ஆமையின் ஓட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தது.

நான்காம் நாள் நண்பகல். பாறை இடுக்கு வந்தது. அதன் நடுவில் பாம்பு படம் விரித்து நின்றது.

“ஆமை வருவது தெரிகிறது. அதன் பக்கத்தில் என்ன?” என்று கேட்டது பாம்பு. “கீரியா? காய்ந்த கயிறு என்றல்லவா நினைத்தேன்!”

கீரி பின்வாங்கியது. குல்லாயைப் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. தண்டையை ஆட்டியது. அதுவும் எழவில்லை. ஊதலை ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது.

“இன்னும் ஏதாவது இருக்கிறதா?” என்று சிரித்துக்கொண்டே பாம்பு ஊர்ந்து வந்தது.

ஆமையிடம் இருந்தது ஒரே பழம். எட்டாவது பழம். சுனை வரை கடைசி அரை நாள் நடக்க வைத்திருந்தது அதுதான். ஆமை அதைக் கீரியின் முன்னால் தள்ளியது.

“சீக்கிரம் தம்பி! எதற்குக் கொடுக்கிறாய்?”

குல்லாய்க்கா? கீரி மட்டும் மறையலாம். தண்டைக்கா? கீரி மட்டும் தாவலாம், அதுவும் எந்தத் திசையோ! ஊதலுக்கா? பாம்புக்குக் காதே கிடையாது!

கீரியின் கண் ஒவ்வொன்றாகத் தாவியது. கடைசியில் ஆமையின் மேல் நின்றது. பாம்பு இன்னும் இரண்டு முழத் தூரத்தில் இருந்தது.

கீரி பழத்தைத் தன் வாயில் போட்டு விழுங்கியது.

உடம்பில் சூடு ஏறியது. மயிர் சிலிர்த்து எழுந்தது. பாம்பு கொத்தியது, கீரி விலகியது. மறுபடி கொத்தியது, மறுபடி விலகியது. இப்படி விலக யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கீரிக்கே தெரியவில்லை. நான்காவது கொத்தில் காது நுனி கிழிந்தது. அதற்குள் கீரி பாம்பின் பிடரியைக் கவ்விவிட்டது! பாறையில் இரண்டு அடி. பிடி தளர்ந்ததும் பாம்பு நழுவிப் பொந்துக்குள் ஓடியது. பிறகு அது வெளியே தலை காட்டவில்லை.

“அக்கா! பார்த்தாயா அக்கா?”

ஆமை கால் பரப்பிப் படுத்திருந்தது. கழுத்து தரையில் கிடந்தது. அதற்கு நடக்கப் பழம் இல்லை.

கீரி சுனைக்கு ஓடியது. தண்ணீர் மொள்ளக் கையில் என்ன இருக்கிறது? பனையோலைக் குல்லாய் இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி மொண்டு ஓடி வந்தது. வழியில் பாதி சிந்தியது. மறுபடி ஓடியது. ஏழு தடவை தண்ணீர். எட்டாவது தடவை சுனையோரத்து அத்திப்பழம் நான்கு.

அத்திப்பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் ஆமை தலையைத் தூக்கியது. குல்லாயைப் பார்த்தது.

“இரண்டு பழத்துக்கு நல்ல பாத்திரம்தான் தம்பி” என்றது.

கையில் உள்ளதையெல்லாம் கருவிகளுக்கே கொடுத்துவிட்டு, அவற்றைத் தாங்கும் உடம்பைப் பட்டினி போடுகிறவனுக்கு எந்த மாயமும் துணைக்கு வராது.