டி.எஸ்.பி. வைத்த பொட்டு

அநியாயம் நடந்தது ஏட்டம்மா எஸ்தர்ராணிக்கு. ஆயுதப்படைக் கிடங்கில் ஓராண்டாகத் துப்பாக்கி துடைப்பவள் அவள். ஆயுத பூஜை முடிந்த ஐந்தாம் நாள், சுடும் பயிற்சி மைதானத்தில், எஸ்.பி. பார்த்துக்கொண்டிருக்கும்போது டி.எஸ்.பி.யின் பிஸ்டல் ஒரு குண்டைச் சுட்டது. இரண்டாவதற்கு ‘டிக்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. டி.எஸ்.பி. திரும்பினார். “இந்தப் பொம்பள துடைக்கவே இல்ல” என்றார், மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

பிஸ்டலைத் திறந்து பார்த்தாரா? இல்லை. யாரையாவது பார்க்கச் சொன்னாரா? அதுவும் இல்லை. மாலைக்குள் மெமோ மட்டும் வந்துவிட்டது. பராமரிப்பில் அலட்சியம், மூன்று நாளில் விளக்கம் தேவை.

சிறப்பு எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த வாரம் வருகிறது. இருபத்தைந்து வருடம் காக்கி உடுத்திக் காத்திருந்த பட்டியல். மெமோ தீராமல் கிடந்தால் அதில் அவள் பெயர் இருக்காது.

கிடங்குக்குப் பொறுப்பு எஸ்.ஐ. சண்முகவடிவு. எஸ்தர்ராணியைவிடப் பதினைந்து வயது சிறியவள். ஆனால் பிஸ்டலைக் கழற்றவும் பூட்டவும் எஸ்தர்ராணிக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். இவள் அவளை மேடம் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

இரண்டாம் நாள் காலை எஸ்தர்ராணி மெமோவோடு வந்து நின்றாள்.

“மேடம், நான் துடைச்சேனா இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

வடிவு அலமாரியைத் திறந்தாள். அந்தப் பிஸ்டலை எடுத்து மேகசினைக் கழற்றினாள். மேல்பாகமான ஸ்லைடை இழுத்து, உள்ளே குண்டில்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாள். மேசைமேல் வைத்தாள்.

“துடைங்கக்கா.”

எஸ்தர்ராணி ஸ்லைடைப் பிரித்தாள். ஸ்பிரிங்கையும் பேரலையும் வெளியே எடுத்தாள். பேரலுக்குள் பிரஷ் விட்டாள், பிறகு துணி விட்டாள். ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினாள்.

“முடிஞ்சுது.”

“இன்னொரு தடவை.”

“கேலி பண்றீங்களா மேடம்? என் வயித்தெரிச்சல் எனக்கு.”

“இன்னொரு தடவைக்கா.”

மறுபடி பிரித்தாள். இந்த முறை வடிவு பிஸ்டலைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள். ஸ்லைடின் பின்பக்கம் வந்ததும் துணி வளைந்தது, வாசல் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறவர்கள் மாதிரி.

“அங்க ஏன் போகல?”

எஸ்தர்ராணியின் கை நின்றது.

அங்கே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். பூஜையன்று டி.எஸ்.பி. தன் கையாலேயே வைத்தது. தாராளமாகத்தான் வைத்திருந்தார். குண்டை வெடிக்கவைக்கும் ஊசியின் முதுகில் சுத்தியல் வந்து அடிக்கும் துளை அதற்கு அடியில் இருந்தது.

“அது பூஜைப் பொட்டு மேடம்.”

“மத்த பிஸ்டல்ல எல்லாம் மறுநாளே துடைச்சீங்களே?”

“அதெல்லாம் நம்ம பசங்க வச்சது. இது அய்யா வச்சது.”

“அதனால?”

“என்ன அதனால? நான் சர்ச்சுக்குப் போறவ. அய்யா வச்ச பொட்டை வேதக்காரி அழிச்சிட்டான்னு ஒருத்தன் பத்த வச்சா போதாதா? பன்னெண்டு ஸ்டேஷன் பார்த்தவ மேடம் நான். பேச்சு எங்க ஆரம்பிக்கும், எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்.” துணியை மேசைமேல் வைத்தாள். “பேச்சை விடுங்க. அழிச்சா பாவமில்லையா? உங்களுக்கே மனசு கஷ்டப்படாதா?”

வடிவு எழுந்து வெளியே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவித் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காலையில் கோயிலில் வைத்துக்கொண்ட சந்தனமும் குங்குமமும் நெற்றியில் இல்லை.

“சே, என்ன வெயில்” என்றாள்.

எஸ்தர்ராணி அந்த வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துணியை எடுத்தாள்.

பொட்டு போனது. ஊசியை வெளியே எடுத்தார்கள். அதன் கழுத்தைச் சுற்றிச் சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து பல் ஈறு மாதிரி இறுகிக் கிடந்தது, வெளிர்ச் சிவப்பாக. முதல் குண்டுக்கு எப்படியோ நகர்ந்த ஊசி அதோடு சிக்கிவிட்டது, மறுபடி நகர வழியே இல்லை.

எஸ்தர்ராணி நாற்காலியில் சரிந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. “ரெண்டு நாளாச் சோறு இறங்கல மேடம். இம்புட்டுச் சந்தனமா என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துச்சு!”

அப்போதே உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். பேரலைத் துடைத்தேன், ஸ்பிரிங்கைத் துடைத்தேன், அய்யா வைத்த சந்தனம் ஊசியைப் பிடித்துக்கொண்டது. கையெழுத்தே நிமிர்ந்து நின்றது. வடிவு வாங்கிப் படித்தாள்.

“ஊசி எதனால சிக்குச்சு?”

“சந்தனத்தால.”

“சந்தனம் எதனால அங்கேயே இருந்துச்சு?”

எஸ்தர்ராணி பேனாவை மூடினாள். “பயந்தேன்னு எழுதணுமா? அசிங்கம் மேடம். காக்கி போட்டுக்கிட்டு அதை எப்படி எழுதறது?”

வடிவு தாளைத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எஸ்தர்ராணி அந்தத் தாளோடு வாதாடினாள். யார் பயமுறுத்தினார்கள்? யாரும் இல்லை. அப்புறம் ஏன் பயந்தாய்? பயப்படாமல் இருக்கிறமாதிரி யார் வைத்திருந்தார்கள்? கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘அய்யா வைத்த பொட்டு என்பதால் துடைக்கப் பயந்து விட்டுவிட்டேன்.’

மறுநாள் டி.எஸ்.பி. கிடங்குக்கே வந்தார். நின்றபடியே படித்தார். தாளோடு மடித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஊசியிலிருந்து சுரண்டிய சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்னைப் பார்த்தா பயமாம்மா?”

“ஆமாங்கய்யா.”

அவர் பேனா கேட்டார். ‘விளக்கம் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எஸ்தர்ராணி நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டாள்.

வடிவு விடவில்லை. “மைதானத்துல சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சுங்கய்யா.”

டி.எஸ்.பி.யின் காது சிவந்தது. “தெரியுதும்மா. நாளைக்கு ரோல்கால்ல நானே சொல்றேன். அதுவும் எல்லாருக்கும் கேக்கும்.”

வாசல்வரை போனவர் நின்றார். கோபமா, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறாரா என்று தெரியாத குரலில் வடிவிடம் கேட்டார்.

“அப்போ அடுத்த வருஷம் என் பிஸ்டலுக்குப் பொட்டு வைக்கலாமா, கூடாதா?”

வடிவு எஸ்தர்ராணியைப் பார்த்தாள்.

“நல்லா வையுங்கய்யா” என்றாள் எஸ்தர்ராணி. “கும்பிட்டு முடிச்சதும் எங்கிட்ட குடுத்துடுங்க.”