ஆயுத பூஜையும் மூன்றாவது நகலும்

மருதங்காட்டுக் குளக்கரையில் வடிவாம்பாள் என்ற முள்ளம்பன்றி தன் கம்ப்யூட்டரோடு வாழ்ந்துவந்தது. முள்ளம்பன்றி பன்றி இனம் அல்ல. எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். கேட்காதவர்களுக்கும் அது இதைச் சொல்லிவிடும்.

ஒன்பது வருடங்களாக வடிவாம்பாள் காட்டிலுள்ள காளான்களைப் பட்டியலிட்டு வந்தது. எண்ணிக்கை நானூறைத் தாண்டியிருந்தது. காளானின் பெயர், அதைத் தின்னலாமா கூடாதா, அது எப்படித் தெரியவந்தது என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் காலஞ்சென்ற உறவினர்களின் பெயர்கள் இருந்தன. பட்டியல் அழிந்தால் மறுபடி எழுதலாம். ஆனால் அதற்கு மறுபடி யாராவது தின்னவேண்டும்.

ஆடி மாதத்தில் கம்ப்யூட்டர் உள்ளே 'கடக், கடக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

பக்கத்து வளைக் கீரி பராங்குசம் எட்டிப் பார்த்தது. காட்டில் எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நிற்பது அதுதான்.

"இதுக்கா கவலைப்படுறே அக்கா? பட்டியலை இன்னொரு ஃபோல்டர்ல போட்டு வை. நான் 'புதுசு'ன்னு ஒண்ணு, 'ரொம்பப் புதுசு'ன்னு ஒண்ணு வெச்சிருக்கேன்."

"ரெண்டும் அதே கம்ப்யூட்டர்லதானே இருக்கு?"

"பின்னே வேற எங்க வைப்பாங்க?"

"கம்ப்யூட்டர் போச்சுன்னா உன் 'ரொம்பப் புதுசு'ம் கூடவே போயிடும் தம்பி."

வடிவாம்பாள் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கியது. ஒன்றை வளையிலேயே வைத்தது. அது தினமும் தானாக ஒரு நகல் எடுத்துக்கொண்டது. மற்றொன்றை மலைமேல் பாறைப் பொந்தில் இருக்கும் கோமளவல்லி என்ற ஆந்தையிடம் கொடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதை வாங்கிவந்து, புது நகல் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்துவிடும்.

"ஆந்தை வீட்டிலயா? அபசகுனம் அக்கா," என்றது பராங்குசம்.

"அங்க வெள்ளம் வராது. எனக்கு அந்தச் சகுனம் போதும்."

ஆந்தை ஒரு நிபந்தனை போட்டது. "சும்மா ஒரு பெட்டியை அடைகாக்க என்னால முடியாது. மாசம் ஒரு தடவை என் கம்ப்யூட்டர்ல சொருகித் திறந்து பார்ப்பேன். திறக்கலைன்னா அது நகல் இல்லே, செங்கல்."

முதல் மாதமே அது செங்கல்தான். நகல் எடுத்து முடிவதற்குள் வடிவாம்பாள் வயரைப் பிடுங்கியிருந்தது. அசடு வழிந்தபடி மறுபடி எடுத்துக்கொடுத்தது. அதற்குப் பிறகு அப்படி நேரவில்லை.

புரட்டாசி வந்தது. ஆலமரத்தடியில் ஆயுத பூஜை. கருவிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வரிசையாக அடுக்கிப் பொட்டு வைப்பது காட்டு வழக்கம். மரங்கொத்தி தன் அலகைக் கழற்ற முடியாததால் தானே வரிசையில் நின்றது.

பராங்குசம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தது. "கம்ப்யூட்டர், டிஸ்க் ரெண்டு, மூணும் வரணும்க்கா. ஒண்ணை விட்டுட்டா நல்லாருக்காது. ஆந்தைகிட்டப் போய் வாங்கிட்டு வந்துடலாம், வா."

வடிவாம்பாளுக்கு மறுக்கத் தெரியவில்லை. இரண்டும் மலையேறின. பகலில் எழுப்பப்பட்ட கோமளவல்லி ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"ஏன்டா பராங்குசம், மூணையும் ஒரே இடத்துல வைக்கிறதுக்கா இவ இத்தனை நாள் மலையேறினா?"

"ஒரு நாள்தானே சித்தி. சாமி முன்னாடி என்ன ஆயிடப்போகுது?"

"சாமிமேல எனக்குச் சந்தேகம் இல்லே. பூஜை பண்றவன்மேலதான்." ஆந்தை வடிவாம்பாளைப் பார்த்தது. "பெட்டி உன்னோடது. குடுன்னா குடுத்துடறேன்."

வடிவாம்பாள் மூன்றாவது கட்டத்தில் இருந்த பெயர்களை நினைத்துப் பார்த்தது. "இருக்கட்டும் சித்தி. இங்கேயே இருக்கட்டும்."

"ஊர் பேசும் அக்கா," என்றது கீரி.

"பேசட்டும் தம்பி."

ஊர் உண்மையாகவே பேசியது. முள்ளம்பன்றிக்குத் தலைக்கனம் என்றது உடும்பு. மான் முகம் கொடுக்கவில்லை. வடிவாம்பாள் கம்ப்யூட்டரையும் ஒரு டிஸ்க்கையும் மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றது.

பூஜை தொடங்கியது. பராங்குசம் கம்ப்யூட்டர் திரைக்கு நெற்றி நிறையச் சந்தனம் அப்பியது. கற்பூரம் காட்டியது. காட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று திரும்பியது. அதன் வால் குத்துவிளக்கைத் தட்டிவிட்டது.

விளக்கு சாய்ந்தது. எண்ணெய் வழிந்து காகிதத் தோரணத்தில் தீ பிடித்தது. தோரணத்திலிருந்து வயருக்கும், வயரிலிருந்து கம்ப்யூட்டருக்கும் தாவியது.

"தண்ணி! தண்ணி!" என்று கத்தியது மான்.

யானை குளத்துக்கு ஓடி, தும்பிக்கை நிறைய நீர் கொண்டுவந்து பீய்ச்சியது. ஒரு முறை அல்ல, ஐந்து முறை. தீ மிச்சம் வைத்ததை உதவி முடித்துவைத்தது. கம்ப்யூட்டர் கரிந்தது. பக்கத்திலிருந்த டிஸ்க் உருகி, பொரியும் கடலையும் ஒட்டிக்கொண்டு ஒரு பலகாரம்போல ஆகிவிட்டது.

முந்தின நாள் மழையில் ஆலமரத்தடியெங்கும் காளான் முளைத்திருந்தது. மான் ஒரு மஞ்சள் காளானைக் காலால் தொட்டுக் காட்டி, மெதுவாகக் கேட்டது: "வடிவு, இதைத் தின்னலாமா?"

"எனக்கு நினைவில்லை," என்றது வடிவாம்பாள். அதன் முட்கள் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. "வாங்க, மலைக்குப் போவோம்."

எல்லா விலங்குகளும் மலையேறின. பராங்குசம் கடைசியில், வாலைச் சுருட்டிக்கொண்டு வந்தது.

கோமளவல்லி எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, டிஸ்க்கைச் சொருகியது. பச்சை விளக்கு மினுக்கியது, நின்றது, மறுபடி மினுக்கியது. யானை மூச்சுவிடாமல் நின்றது. திரையில் பட்டியல் விரிந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு," என்றது ஆந்தை. "நானூற்றுப் பத்து."

"நேத்து இன்னும் ரெண்டு சேர்த்தேன். அது எனக்கு நினைவிருக்கு," என்றது வடிவாம்பாள். முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. அது அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டது.

"மஞ்சள் காளான்," என்று ஆந்தை வாசித்தது. "தின்னக்கூடாது. தெரியவந்தது எப்படி: கீரி மாசிலாமணி, ஒரே வாய்."

"எங்க பெரியப்பா," என்றது பராங்குசம் தரையைப் பார்த்தபடி.

மான் பராங்குசத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. உடும்பு தொண்டையைச் செருமி, "நான் தலைக்கனம்னு சொன்னது பொதுவா," என்றது. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. வடிவாம்பாளுக்கும்தான்.

"சரி, நான் கிளம்பட்டுமா சித்தி?" என்றது வடிவாம்பாள்.

"எங்கே கிளம்புறே? இப்போ இந்தக் காட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். என் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் போட்டுட்டுப் போ. வயரைப் பாதியில பிடுங்காதே."

வடிவாம்பாள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது. நகல் முடியும்வரை பராங்குசம் வாலைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வயருக்குக் காவல் நின்றது.

நகல்கள் பல இருந்தாலும், வேறொரு கூரையின் கீழ் வைத்து, திறக்கிறதா என்று அவ்வப்போது பார்த்த நகலே ஆபத்தில் கைகொடுக்கும்.